உறைக்கிணற்று நாட்குறிப்பு

ஜூன் 14, 2019
கடைசி உறையை இறக்கியதும் ஊற்றுக்கண் திறந்துவிட்டது. வாளியில் வந்த மணலைக் கிணறு வெட்டுபவர் உள்ளங்கையில் பிசைந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்ல சார்" என்றார். திருவான்மியூர் மணல் காப்பாற்றிவிட்டது.

ஜூன் 15
நீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரில் 640. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் குடிநீர்த் தரநிர்ணயம் கூறுகிறது. ஆனால் மீட்டர் உப்பை அறியுமே தவிரக் கிருமியை அறியாது. பக்கத்து வீட்டுக் கழிவறைக் குழி கிணற்றுக்கு மிக அருகில் இருக்கிறது.

ஜூன் 16
பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியாகிவிட்டது. வாடை அறவே போகும்வரை இறைத்த பிறகே சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால், மிஞ்சிய குளோரினால் கிருமியைக் காட்டும் சோதனைப் புட்டி பொய் சொல்லும்.

ஜூன் 19
பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரைதட்டிவிட்டன. தண்ணீர் லாரி வரவில்லை. கண்ணெதிரே கிணற்றில் நீர் இருக்கக் குடிக்காதீர்கள் என்று சொல்வது எளிதாக இல்லை. "இன்னும் எத்தினி நாளுண்ணா?" என்று கேட்டவரிடம் புட்டியைக் காட்டினேன், நீர் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கிறது என்று பொருள்.

ஜூன் 20
மழை! ஊரே தெருவில் நின்று நனைந்தது. நான் குழியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21
கறுத்துவிட்டது.

ஜூன் 24
குழியை மூடச் சொல்லலாம் என்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கும் அவருடைய மகள்களுக்கும் இருப்பது அந்த ஒரு கழிவறைதான். தண்ணீர் கொடுக்க வந்தவன் அதைப் பறிப்பது என்ன நியாயம்? குழியைத் தெருவின் மறுகோடிக்கு மாற்றிக் கட்டும் செலவைக் கிணற்றுக் கணக்கிலேயே எழுத வேண்டும், முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய செலவு அது. அதுவரை குளோரின் போட்டுக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். விறகுக்கு யார் பணம் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி.

ஜூலை 9
புதுக் குழி தயார். புட்டி நிறம் மாறவில்லை. இன்னொரு புட்டியும் வைத்திருக்கிறேன்.

ஜூலை 12
ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இங்கே, அடுத்த தெரு அடுக்ககத்தில் புது ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். கடலோர மணலில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு ஏறத்தாழ நாற்பது அடி ஏறும். இதை அடுக்ககச் செயலாளரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஜூலை 13
மீட்டரில் 710.