புளிக்க வேண்டாத மாவோடு ஆறு வாரம்

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து காலைப் பலகாரம் என் பொறுப்பு. மனைவி 7.15க்குக் கிளம்ப வேண்டும், மகனுக்கு 7.40க்கு வேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டும் இட்லி மாவு திங்கள், செவ்வாய் பஞ்சு மாதிரி வரும். புதன்கிழமை தோசைக்கு ஆகும். வியாழனன்று மகன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவான். ஃபிரிட்ஜில் வைத்தாலும் மாவு புளிப்பது நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். வாரக் கடைசியில் பிரெட் வாங்கிச் சமாளித்தோம். பத்து மணிக்கே வயிறு கத்துகிறது என்று அவன் சொன்ன அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

சரி, புளிக்கவே வேண்டாத பலகாரங்களாக வரிசையாகச் செய்து பார்ப்போம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். நிபந்தனை ஒன்றுதான்: அடுப்பைப் பற்ற வைத்ததிலிருந்து 25 நிமிடத்தில் மூன்று தட்டும் நிறைய வேண்டும்.

முதல் வாரம் பெசரட்டு. முழுப் பச்சைப்பயறு ஒரு டம்ளர், மொறுமொறுப்புக்குப் பச்சரிசி இரண்டு ஸ்பூன். இரவு பத்து மணிக்கு ஊறப் போட்டு, காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து மிக்ஸியில் அரைத்தேன். முதல் நாள் கல்லில் ஊற்றிக் கரண்டியால் இழுத்தால் மாவு சுருண்டு கரண்டியோடே வந்தது. காரணம் மாவில் இல்லை, கல் காய்ந்திருந்த சூட்டில். பயற்று மாவு உளுந்து மாவைப் போல வழுக்கிக்கொண்டு போகாது. கல் அதிகம் சூடாக இருந்தால் விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து, அரை வெங்காயத்தால் ஒரு தேய் தேய்த்துவிட்டு ஊற்றினேன். மெல்லிசாக, பச்சை நிறத்தில், ஓரம் தானாகவே எழும்பி வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பெசரட்டுக்கும் இதே வழிதான்.

இன்னொரு திருத்தம், காலையில் மிக்ஸி ஓட்டுவதை விட்டேன். மதியம் வேலைக்குக் கிளம்பும் முன் ஊறப் போட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரைத்து, உப்புப் போடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் உப்பும், தட்டிய இஞ்சியும், பச்சை மிளகாயும், சீரகமும் சேர்த்தால் போதும். இஞ்சியை இரவே சேர்த்து அரைத்த அன்று வாசனை பாதி போய்விட்டது. ஒரு டம்ளர் பயறுக்கு எட்டு வருகிறது. தொட்டுக்கொள்ள ஆந்திரப் பக்கத்து வழக்கப்படி இஞ்சி, புளி, வெல்லம், காய்ந்த மிளகாய் வதக்கி அரைத்த சட்னி. தண்ணீர் படாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குச் சட்னிக் கவலை இல்லை. மொத்தம் 18 நிமிடம். நோட்டில் இதற்கு இரண்டு டிக் போட்டேன்.

அடுத்த வாரம் அடை. இட்லி அரிசி இரண்டு டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் ஆறு, பெருங்காயம். ருசியில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் அடையைக் கனமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, நிதானமான தீயில் இரண்டு பக்கமும் சிவக்க விட வேண்டும். ஒன்றுக்கு நான்கு நிமிடத்துக்குக் குறைந்தால் உள்ளே பருப்பு பச்சை வாடை அடிக்கிறது. அவசரத்தில் தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே வேகாமல் நிற்கிறது. வேலை நாளில் அடை செய்வது அடைக்குச் செய்யும் துரோகம் என்றே எனக்குப் பட்டது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். அன்றைக்கு எட்டு மணிக்கு வெறும் காப்பி, பத்தரைக்கு முருங்கைக்கீரை போட்ட அடை, அவியல், வெல்லம், வெண்ணெய். மதியச் சாப்பாடு தனியாக வேண்டியதில்லை. மூன்று பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து, கல்லிலிருந்து இறங்க இறங்கச் சாப்பிடுகிறோம். வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

மூன்றாம் வாரம் அரிசி உப்புமா. நோட்டில் அதிகப் பக்கம் இதற்குத்தான்.

ரவையை மொத்தமாக உடைத்து வைத்துக்கொண்டால் வாரம் முழுக்க உதவும் என்பது திட்டம். பச்சரிசி நான்கு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், மிளகு இரண்டு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன். அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவையாக உடைத்தேன். முதல் முறை மேலாகக் காய்ந்ததைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். நான்காம் நாள் டப்பாவைத் திறந்தால் கட்டி கட்டியாக, மக்கல் வாடை. அத்தனையையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது, ரொம்ப வருத்தமாக இருந்தது. இப்போது இரண்டு மணி நேரம் துணியில் பரப்பி, அதன் பிறகு வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, ஆறவிட்டுத்தான் உடைக்கிறேன்.

இரண்டாவது முறை ரவை நன்றாக இருந்தது, உப்புமா குழைந்துவிட்டது. கும்பகோணத்துக்குப் போன் போட்டேன்.

"தண்ணி எவ்வளவு வச்சே?" என்றாள் அம்மா.

"ஒண்ணுக்கு ரெண்டரைம்மா."

"அது சரிதான். உடைச்சதைச் சலிச்சியா ராசா?"

சலிக்கவில்லை. உடைக்கும்போது கூடவே விழும் மாவுதான் தண்ணீரில் கூழாகி, ரவையை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சலித்து மாவைத் தனியே எடுத்ததும் உதிர் உதிராக வந்தது. அந்த மாவை வீணாக்க வேண்டாம், தோசை மாவில் கலந்துவிடலாம்.

காலையில் செய்வது இவ்வளவுதான்: தேங்காய் எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். தண்ணீர், உப்பு, ஒரு பிடி தேங்காய்த் துருவல். தளதளவென்று கொதிக்கும்போது ரவையைக் கொட்டிக் கிளறி, தீயைச் சிறிதாக்கி மூட வேண்டும். 15 நிமிடம். கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மகனுக்குத் தலை சீவி ஷூ லேஸ் கட்டிவிடுகிறேன். தோசை வகை எதிலும் இந்த வசதி இல்லை, கல்லை விட்டு நகர முடியாது.

குக்கரில் செய்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். ஆனால் அம்மா கொடுத்த வெண்கலப் பானையில் செய்தால்தான் அடியில் பொன்னிறமாகக் காந்தல் பிடிக்கும். குக்கரில் அது வராது. அந்தக் காந்தலைச் சுரண்டுவதற்கு வீட்டில் இப்போது முறை வைத்திருக்கிறோம். முதல் நாள் இரவே செய்து வைத்த கத்திரிக்காய் கொத்சு இருந்தால் வேறொன்றும் வேண்டாம்.

இதே ரவையில் இன்னொரு பலனும் கிடைத்தது. கிளறியதை முக்கால் வேக்காட்டில் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்து, இட்லித் தட்டில் 10 நிமிடம் வேகவைத்தால் பிடி கொழுக்கட்டை. தட்டும் வேண்டாம், ஸ்பூனும் வேண்டாம். தாமதமான நாளில் மனைவி டப்பாவில் நான்கைந்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

நான்காம் வாரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கெட்டி அவலைக் கழுவிப் பிழிந்து, பத்து நிமிடம் வைத்துத் தாளித்தால் உப்புமா. அவசரத்துக்கு நல்லது, ஆனால் எங்கள் மூவருக்கும் சீக்கிரம் பசித்துவிடுகிறது. ரவா தோசை கடையில் சாப்பிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். ரவை அடியில் தங்கிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும், ஒன்று வேக ஐந்து நிமிடம்.

ஐந்தாம் வாரம் நீர் தோசை. மங்களூர்ப் பக்கத்து, துளு வீட்டுப் பலகாரம். பச்சரிசி இரண்டு டம்ளர் இரவே ஊற வேண்டும். காலையில் அரை மூடித் தேங்காயோடு நைசாக அரைத்து, நீர் மோர் பதத்துக்குக் கரைத்து உப்பு. இது மட்டும் காலையில்தான் அரைக்கிறேன், மூன்று நிமிடம்தான். பெசரட்டில் பழகியதற்கு எல்லாம் நேர் எதிர்: கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கரண்டியால் இழுக்கவே கூடாது. வெளி ஓரத்திலிருந்து உள்ளே ஊற்றிக்கொண்டு வந்து மூடினால் ஒரு நிமிடத்தில் வெந்துவிடும், திருப்ப வேண்டாம். ஒருமுறை புழுங்கலரிசியில் போட்டுப் பார்த்தேன், ரப்பர் மாதிரி இழுத்தது. எடுத்தவுடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒட்டிக்கொள்கிறது; தட்டில் தனித்தனியாகப் போட்டு ஆறவிட்டு மடிக்க வேண்டும். தேங்காயும் வெல்லமும் வைத்துக் கொடுத்ததில் மகன் ஆறு சாப்பிட்டான். காலை ஏழு மணிக்கு அவன் "இன்னொண்ணுப்பா" என்று கேட்டது அந்த மாதத்தில் அன்றுதான்.

ஆறாம் வாரம் புதிதாக எதுவும் செய்யவில்லை, தேறியவற்றை வாரத்தில் அடுக்கிப் பார்த்தேன். திங்கள், செவ்வாய் இட்லி. புதன் பெசரட்டு. வியாழன் அரிசி உப்புமா அல்லது கொழுக்கட்டை. வெள்ளி நீர் தோசை. சனிக்கிழமை பழைய சோறு. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பிசைந்து மோர், கல்லுப்பு, சின்ன வெங்காயம், வறுத்த மோர் மிளகாய். அடுப்பு மோர் மிளகாய்க்கு மட்டும். இதையும் பலகாரக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். வயலுக்குப் போகுமுன் என் தாத்தா இதைத்தான் சாப்பிட்டார், மதியம் வரை தாங்கியது. சேர்த்துவிட்டேன்.

ஆறாம் வாரம் ஒரு நாள்கூட பிரெட் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மகன் 7.25க்கே பையோடு வாசலில் நின்றான், வேனுக்கு இன்னும் நேரம் இருந்தது.

ரவை டப்பா அடியைத் தொட்டுவிட்டது. சனிக்கிழமை உடைக்கும்போது பாதி அரிசிக்குப் பதில் தினை போடப்போகிறேன். தண்ணீர் ஒன்றுக்கு இரண்டரை போதுமா, கூட்ட வேண்டுமா என்பதை ஒரு சின்னக் கிண்ணத்தில் முதலில் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.