மீன் கத்தியும் உமிச்சாம்பலும்

பழைய லொறி ஸ்பிரிங் தகட்டில் மெல்லிய மீன் கத்தி செய்யும் வேலை ஒரு படி முன்னேறியிருக்கிறது. தோய்ச்சலில், அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கும்போது, அது வளைந்தால் எல்லாரும் எண்ணெயைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் வளைவில் ஒரு பங்கு அதற்கு முன்னாலேயே உருக்குக்குள் இருக்கிறது.

ஸ்பிரிங் தகடுகள் பலவற்றில், பாரம் ஏறும்போது இழுபடுகிற முகத்தைத் தொழிற்சாலையிலேயே சிறு உருக்குக் குண்டுகளால் அடித்திருப்பார்கள், சீக்கிரம் வெடிப்பு விழாதிருக்க. அந்த மேல்தோல் அமுங்கியபடியும் உள்பக்கம் இழுபட்டபடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்த முகத்தைக் கிரைண்டரில் சூடேறாமல் மெல்ல மெல்லச் சீவி, கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தேன். நெருப்பே காட்டாத தகடு சீவிய பக்கம் குழிந்து, நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

ஆரையம்பதியில் எனக்குப் பழக்கமான கம்மாலை ஐயா இதைப் பார்த்துவிட்டு, "உடனே தோய்க்காத மனே, சாம்பலுக்க ஒரு ராவு கிடக்கட்டும்" என்றார். சரி, ஒரே தகட்டில் இரண்டு அலகு வெட்டி, இரண்டையும் நேராக்கினேன். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைக் கரித்தூளோடு இரும்புக் குழாயில் அடைத்துச் சிரட்டைக்கரி நெருப்பில் வைத்தேன். (நாகம் பூசிய குழாய் வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.) சூடு அளக்கும் தெர்மோகப்பிள் 600க்கும் 650 பாகை செல்சியஸுக்கும் நடுவில் நிற்கும்படி ஊதலைக் கூட்டிக் குறைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம். இருட்டில் பார்த்தால் மங்கிய சிவப்பு. அந்தச் சூட்டில் உருக்கின் தாங்குதிறன் இறங்கிவிடும். பூட்டிக்கிடந்த தகைப்பு, அதாவது அந்த அமுக்கமும் இழுப்பும், உள்ளுக்குள்ளேயே சிறிது சிறிதாக நெகிழ்ந்து போகும். அப்புறம் படுவான்கரை நெல் ஆலையில் அள்ளிவந்த உமிச்சாம்பலில் புதைத்தேன். அது சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். விடிந்த பிறகும் குழாய் கைச்சூட்டில் இருந்தது.

இரண்டு அலகையும் ஒரே மாதிரித் தோய்த்தேன்: காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றி, 830 பாகை அளவில், இளஞ்சூடான தேங்காய் எண்ணெயில். ஆற விடாத அலகு நுனியில் முறுக்கிக்கொண்டது. சாம்பலில் கிடந்ததைக் கண்ணாடியில் வைத்தால் அடியில் ஏ4 தாள் நுழையவில்லை.

தோய்த்த பிறகு 600க்கு ஏற்றினால் வளைவுக்கான தகைப்பு போகும், கூடவே கடினமும் போய்விடும். ஆகவே அந்த வேலை முன்னாலேயே முடிய வேண்டும். தோய்ச்சலில் புதிதாக ஏறுகிற தகைப்பு வேறு கணக்கு. அது அலகை வெடிக்கவைக்கக் கூடியது, தாமதிக்கக் கூடாது. பாண் இறக்கிய பேக்கரிப் போறணையில் 200 பாகைக்குக் கிட்ட இரண்டு மணி நேரம் வைத்தேன். தேய்த்து வெளுத்த இடம் இளம் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. இந்தச் சூடு புதுத் தகைப்பில் ஒரு பகுதியைத்தான் குறைக்கும், ஆனாலும் கத்தியின் நொறுங்கும் குணம் அடங்கிவிடுகிறது.

அடுத்த அலகில் வாய்ப்பக்கத்தை ஒரு மில்லிமீற்றர் தடிப்பாக விட்டுத் தோய்க்கப்போகிறேன். மெல்லிய வாய் முதுகுக்கு முந்திக் குளிர்ந்து இழுப்பதும் வளைவுக்கு ஒரு காரணம்.