இருட்டு அரங்கில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும்

2009 நவம்பரில் மைசூரில் நடந்த டெட் இந்தியா மாநாட்டில் (புது யோசனைகளை மேடையில் பேசிக் காட்டும் நிகழ்ச்சி) எம்.ஐ.டி. ஆய்வு மாணவர் பிரணவ் மிஸ்ட்ரி ‘சிக்ஸ்த் சென்ஸ்’ கருவியைக் காட்டினார். சின்ன கேமரா, பாக்கெட் புரொஜெக்டர், ஒளியைத் திருப்ப ஒரு கண்ணாடி, விரல் நுனிகளில் வண்ண உறைகள். அவ்வளவுதான், சுவரும் உள்ளங்கையும் தொடுதிரை ஆகிவிட்டன. அருமையான யோசனை, சந்தேகமே இல்லை. ஆனால் இது போன்ற பேச்சுகளை எடைபோடும்போது முதலில் வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள்.

அந்தக் காலத்துப் பாக்கெட் புரொஜெக்டர் தந்தது சுமார் 10 லூமென் (விளக்கிலிருந்து வரும் மொத்த ஒளியின் அளவு). அதை ஓர் ஏ4 தாள் அளவுக்கு, அதாவது 0.06 சதுர மீட்டருக்கு விரித்தால் 160 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி) வரும். அலுவலக அறையின் சாதாரண வெளிச்சமே 300 முதல் 500 லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். தெருவில் படம் அடியோடு வெளிறிப்போகும். வண்ணத்தை வைத்து விரலைப் பின்தொடர்வதிலும் இதே சிக்கல்: மஞ்சள் விளக்கில் நிறம் மாறிவிடும், பின்னால் அதே நிறச் சட்டை வந்தால் மென்பொருள் குழம்பும். அந்தப் பேச்சில் பெரும்பகுதி வீடியோ துணுக்குகள்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2006 டெட் மேடையில் ஆய்வாளர் ஜெஃப் ஹான் பலவிரல் தொடுதிரையைத் தன் கையாலேயே இயக்கிக் காட்டினார். அக்ரிலிக் பலகையின் ஓரத்திலிருந்து அகச்சிவப்பு ஒளி உள்ளே பாயும். விரல் பட்ட இடத்தில் அது சிதறும். பின்னாலிருக்கும் கேமரா அதைப் பிடிக்கும். கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் பலகையின் பின்னால் இடம் வேண்டும், வெயிலில் உள்ள அகச்சிவப்பும் தொல்லை தரும். அடுத்த ஆண்டு வந்த ஐபோனும் பலவிரல் தொடுகையை உணர்ந்தது, ஆனால் கேமரா இல்லாமல், விரல் படும்போது திரையில் மாறும் மின்னளவைக் கொண்டு (மின்தேக்கு முறை). யோசனைக்கு ஒரு மதிப்பெண், கட்டமைப்புக்கு இன்னொன்று என்று நான் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான்.

வீடியோ என்றால் கட்டளைக்கும் விடைக்கும் நடுவே வெட்டு இருக்கிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 2023 டிசம்பரில் கூகுள் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியான ஜெமினியைக் காட்டி வெளியிட்ட வீடியோவில் காத்திருப்பு நேரம் குறைக்கப்பட்டிருந்தது. நேரடி உரையாடல் போலத் தெரிந்தது உண்மையில் நிழற்படங்களும் எழுத்துக் கட்டளைகளும் கொடுத்துப் பெற்றது.

கல்லூரிப் போட்டிக்கு நடுவராகப் போனால் அரங்க விளக்குகளைப் போடச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவந்த பொருளை விட்டுவிட்டு உங்கள் பேனாவையோ சாவிக்கொத்தையோ கொடுங்கள். ஒரே வேலையை மூன்று முறை செய்யச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை கிடைக்காமல் பதிவு வீடியோவைக் காட்டினால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். பதிவு என்பதைச் சொல்லாமல் காட்டினால் தாராளமாகக் குறைக்கலாம்.