கோட்டாறில் தொடங்கும் பனிக்காலம்

ஒரு டிசம்பர் 3 அன்று, கோட்டாறு சவேரியார் திருவிழாவிலிருந்து அம்மா அழைத்தார். அவருக்குப் பின்னால் பலூன் சுடும் கடையின் ‘டப், டப்’. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் என் அறைத் தொலைக்காட்சியிலும் அதே ‘டப், டப்’. “என்ன மக்களே, அங்கேயும் திருவிழாவா?” என்று கேட்டார். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கே விடுமுறை விடும் அந்நாளில், அலுவலகம் முடிந்து வந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது பயத்லான். குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்து, பனியில் மூச்சிரைக்கச் சறுக்கி வந்து, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து கரும்புள்ளிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் அகலம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. பெரும்பாலான போட்டிகளில், தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் வளையத்தை ஒருமுறை சுற்றியாக வேண்டும். “சுற்றி வருவதா தண்டனை? நம்ம ஊரில அது நேர்ச்சையில்லா!” என்றார் அம்மா.

இப்போது நான் இவ்வூர்க்காரனாகிவிட்டேன் என்றே சொல்லிக்கொள்கிறேன். ஜனவரியில் ஓபர்ஹோஃப், பின்பு ரூபோல்டிங், அன்டோல்ஸ் என்று போட்டி வரிசை மனப்பாடம். ஓபர்ஹோஃபுக்கு நேரிலும் போனேன். மூடுபனி விலகியதும் காற்று கிளம்பிற்று. சுடுதளத்துச் சிறு கொடிகள் படபடக்க, வீரர்கள் குறிகாட்டியின் திருகைத் திருப்பினார்கள். “என்ன கொடுமையான காற்று!” என்று அலுத்துக்கொண்ட அலுவலக நண்பரிடம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றையும், முப்பந்தலில் அது சுழற்றும் காற்றாலைகளையும் நான் விரிவாக விளக்கினேன். (காலுறைக்குள் விரல்கள் மரத்துப்போனதைச் சொல்லவில்லை.)

அப்போது முன்னணியில் வந்தவர், இடப்பக்கக் காற்று வலுத்ததைக் கவனிக்காமல் அடுத்தடுத்து இரண்டு குண்டுகளை வலப்பக்கம் தவறவிட்டார். கூட்டம் ‘ஓ’வென்றது. எனக்கோ அப்பாவின் குரல் கேட்டது. பலூன் கடைத் துப்பாக்கி எப்போதும் வலப்பக்கமே இழுக்கும் என்பதால், என் தோளை அழுத்தி, “ஒரு விரற்கடை இடப்பக்கமாப் பிடி மக்களே” என்பார். அப்படியும் நான் கயிற்றைத்தான் சுட்டேன்.

மார்ச்சில், ஓஸ்லோவின் ஹோல்மென்கோலனில் கடைசிப் போட்டி முடிந்தபோது அம்மாவை அழைத்தேன். மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த, அங்கே படைக்கும் மண்டையப்பத்தை எனக்கென்று எடுத்துவைத்திருந்து, நான் வரமாட்டேன் என்று தெரிந்தபின் நேற்றுத்தான் சாப்பிட்டாராம்.