தரைதட்டவே கட்டப்பட்ட கப்பல்

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பல்லாஸ்ட் தொட்டிகளுக்குள்ளும் (கப்பலின் எடையைக் கூட்டிக் குறைக்க நீர் நிரப்பும் தொட்டிகள்) பம்ப் அறைகளுக்குள்ளும் வேலை பார்த்த எனக்கு, ‘தரைதட்டிவிட்டது’ என்ற சொல் காதில் விழுந்தாலே வயிற்றைக் கலக்கும். அப்படி வந்த கப்பல்களின் நெளிந்த அடித்தகடுகளை டார்ச் வெளிச்சத்தில் தடவிப் பார்த்துப் பழகியவன், தரைதட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கப்பலுக்குள் இறங்கினால் என்ன நினைப்பான்? அமெரிக்காவின் எவன்ஸ்வில் நகரில், ஓஹையோ ஆற்றங்கரையில் நினைவுக் கப்பலாக நிற்கும், இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை நேராகக் கரையில் இறக்கிய எல்.எஸ்.டி.-325இல் நான் ஏறியது அந்தக் கேள்வியோடுதான்.

328 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட அந்தக் கப்பல், ஆழ்கடலில் செல்லும்போது தொட்டிகளில் நீரை நிரப்பி அமிழ்ந்து ஓடும். கரை நெருங்கியதும் நீரை வெளியேற்றிவிட்டால் முன்பக்கம் மிதக்கச் சுமார் 4 அடி ஆழமே போதும். வழியிலேயே பின் நங்கூரத்தைப் போட்டு, வடத்தைத் தளர்த்திக்கொண்டே போய் மணலில் ஏறும். முன்கதவுகள் திறந்து, சாய்தளம் இறங்கி, டாங்கிகள் கரைசேர்ந்த பின், அதே வடத்தை விஞ்ச் என்ற சுருட்டுப் பொறியில் சுற்றித் தன்னைத்தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். 1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மையர் வரைந்த முதல் வரைபடத்தின் சாரம் இவ்வளவுதான். இதைவிடத் தெளிவான கப்பல் வடிவமைப்பை நான் கண்டதில்லை.

பிலடெல்பியாவில் கட்டப்பட்டு 1943 பிப்ரவரியில் பணியேற்ற இந்தக் கப்பல், அதே ஆண்டில் சிசிலியிலும் சலெர்னோவிலும், 1944 ஜூனில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையிலும் படைகளை இறக்கியது. பின்னர் 40 தடவைக்கு மேல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, போகும்போது வண்டிகளையும் திரும்பும்போது காயம்பட்டவர்களையும் சுமந்தது. 1944 டிசம்பர் 28 அன்று, தாக்குண்ட ‘எம்பயர் ஜாவெலின்’ என்ற படைவீரர் கப்பலிலிருந்து சுமார் 700 பேரை மீட்க உதவியது. போருக்குப் பின் வடதுருவப் பகுதியில் ரேடார் நிலையப் பணிகள், 1964 முதல் 1999 வரை கிரேக்கக் கடற்படையில் ‘சீரோஸ்’ என்ற பெயர். 2000ஆம் ஆண்டில், சராசரி வயது 72 கொண்ட முன்னாள் கடற்படையினர் கிரீட் தீவுக்குப் போய், துருவைச் சுரண்டி, இயந்திரங்களை உயிர்ப்பித்து, அட்லாண்டிக்கைக் கடந்து 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபில் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த வயதில் இயந்திர அறையின் வெக்கையில் இரவுக் காவல் நிற்பது என்னவென்று, அந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

தலா 900 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டீசல் இயந்திரங்களுக்குப் பக்கத்தில், நரைத்த தன்னார்வலர் ஒருவர் வால்வு ஒன்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். கைச்சக்கரத்தை முழுவதும் திறந்தவர், இறுகிப்போகாமலிருக்கக் கால் சுற்று திருப்பி வைத்தார். பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் மேஸ்திரி என் கையைப் பிடித்துக் கற்றுத்தந்த அதே கால் சுற்று.