வாடகை காரும் 50 டாலர் அபராதமும்

காரைத் திருப்பிக் கொடுத்துச் சில வாரங்கள் கழித்து, கிரெடிட் கார்டில் 35 டாலர் பிடித்திருந்தார்கள். "நிர்வாகக் கட்டணம்" என்று போட்டிருந்தது. பிடித்தது நியூவார்க் விமான நிலையத்தில் எங்களுக்கு வண்டி கொடுத்த வாடகை நிறுவனம். அதே நாளில் வந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நியூயார்க் நகர வேகக் கேமராவில் வண்டி சிக்கியிருக்கிறது.

நாங்கள் இருப்பது டாலஸ் பக்கம். டெக்ஸாஸில் நகராட்சிகள் வேகக் கேமரா வைக்க 2007-லேயே தடை. சிக்னல் கேமராக்களுக்கும் 2019-ல் சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டார்கள். வண்டி எடுத்த நியூ ஜெர்சியிலும் வேகக் கேமரா கிடையாது. ஆற்றைத் தாண்டி நியூயார்க் போனால் கதையே வேறு. அம்மாவை ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிப் போயிருந்தோம். 1977-ல் கும்பாபிஷேகம் ஆன பழைய கோவில், கீழே கேன்டீனில் தோசை நன்றாக இருக்கும். திரும்பும் வழியில், குயீன்ஸில் ஒரு பள்ளி வட்டாரத்தில், மணிக்கு 25 மைல் எல்லையில் 37-ல் போயிருக்கிறோம்.

"ஞாயித்துக்கிழமை ஏதுடி ஸ்கூல்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2022 ஆகஸ்ட் 1 முதல் அந்தக் கேமராக்கள் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. எல்லையைவிட 10 மைலுக்கு மேல் போனால் 50 டாலர். எவ்வளவு மேலே போனாலும் அதே 50தான்.

வண்டியின் நம்பர் பிளேட் பென்சில்வேனியா. கேமரா படம் பிடிப்பது பிளேட்டை, ஓட்டுநரை அல்ல. அதனால் நோட்டீஸ் முதலில் வண்டியின் உரிமையாளரான வாடகை நிறுவனத்துக்குப் போகும். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். நிறுவனமே அபராதத்தைக் கட்டிவிட்டு, அந்தத் தொகையையும் தன் கட்டணத்தையும் நம் கார்டில் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தின் நகலை நகரத்துக்கு அனுப்பி, "வண்டி இவரிடம் இருந்தது" என்று கைகாட்டிவிடும். நோட்டீஸ் கிடைத்து 37 நாளுக்குள் அதைச் செய்ய நியூயார்க் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்புறம் நகரம் நம் பெயருக்குப் புதிதாக ஒரு நோட்டீஸ் அனுப்பும்.

எங்களுக்கு நடந்தது இரண்டாவது. 35 டாலர் அபராதம் இல்லை, பெயரை எடுத்துக் கொடுத்ததற்கான கூலி! அதைக் கட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்திருந்தால் தாமதத்துக்கு இன்னும் 25 டாலர் சேர்ந்திருக்கும். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சிலர் அபராதத்தைக் கட்டாமலே விடுகிறார்கள், சிலர் நிறுவனம் ஏற்கெனவே கட்டியது தெரியாமல் தாங்களும் கட்டப் போகிறார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். மின்னஞ்சலில் இருந்த நோட்டீஸ் எண்ணை நகர நிதித் துறையின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன வேகம், எல்லாம் இருந்தது. படத்தில் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. பாக்கி 50 டாலர் என்று காட்டியது, அதாவது நிறுவனம் கட்டவில்லை. மின்னஞ்சலில் இருந்த இணைப்பை அழுத்திப் பணம் கட்டவில்லை. இந்த மாதிரி போலிச் செய்திகள் இப்போது ஏகத்துக்கு வருகின்றன. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, தளத்துக்கு நாமே போவதுதான் சரி.

எதிர்த்து வாதாடலாமா என்று கணவர் கேட்டார். பிளேட் தவறாகப் பதிவாகியிருந்தாலோ வண்டி திருடு போயிருந்தாலோ வாதாடலாம். "நான் ஓட்டவில்லை" என்பது செல்லாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. இத்தனைக்கும் அன்று ஓட்டியது அவர், கையெழுத்து என்னுடையது. விசா, இன்சூரன்ஸ் என்று நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பயமுறுத்தினார்கள். கேமரா அபராதம் ஓட்டுநர் பதிவில் ஏறாது, உரிமத்தில் விதிமீறல் புள்ளி கிடையாது, இன்சூரன்ஸுக்கும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

எல்லா ஊரிலும் இப்படி மலிவாக முடியாது. தம்பிக்கு வாஷிங்டன் டிசியில் வந்தது 100 டாலர், அங்கே காலத்தில் கட்டாவிட்டால் இரட்டிப்பு. அவன் ஓட்டுநர் உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரியே இருந்ததால் தபாலும் அங்கேயே போயிருக்கிறது. வண்டி எடுக்கும்போது முகவரியைச் சரிபார்க்கச் சொன்னால் கவுன்டரில் இரண்டு நிமிட வேலை.

அந்த 35 டாலரைக் கேட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். பார்த்தேன், இருக்கிறது, எறும்பு சைஸ் எழுத்தில். இன்சூரன்ஸ் விற்க அத்தனை நேரம் பேசும் கவுன்டர்காரர் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். மறுநாள் அவர்களிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது: சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?