ஏலாக்குறிச்சியில் அம்மா எழுதிக் கொடுத்த பெயர்

திருவையாற்றிலிருந்து விளாங்குடி வழியாகப் போய்க் கொள்ளிடம் பாலத்தில் பேருந்து ஏறியதும் அம்மா செபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். பாலம் முடிவதற்குள் முதல் பத்து மணிகளை உருட்டி முடித்திருப்பார். அவர் சொல்வது பழைய செபம்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." கோயிலில் "அருள் நிறைந்த மரியே" என்று மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பூசையில் புதியதைச் சொல்வார், தனியாக இருந்தால் பழையதுதான். இந்த மார்கழியில் நான் மட்டும் பாலத்தைக் கடந்தேன். எனக்கும் பழைய செபம்தான் வாயில் வந்தது.

திருமானூரில் இறங்கி ஏலாக்குறிச்சிக்குப் போகவேண்டும். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயர் வைத்த ஊர். இத்தாலியில் 1680இல் பிறந்து, இங்கே வந்து தமிழ் கற்று, இந்த ஊர் மாதாவின் மேல் ஒரு கலம்பகமே பாடியிருக்கிறார். அரியலூர் அரசருக்கு வந்த ராஜப்பிளவைக் கட்டி மாதாவின் அருளால் குணமானதையும், அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்ததையும் எங்கள் பக்கத்தில் பரம்பரையாகச் சொல்வார்கள். அம்மாவுக்கு வரலாறெல்லாம் தெரியாது. அடைக்கல மாதா என்ற பெயர் போதும் அவருக்கு. வேளாங்கண்ணி எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் அப்பா எல்லையில் இருந்த வருஷங்களில் அம்மா ஓடியது இங்கேதான்.

அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையில், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1961இல் கல்யாணம், அம்மாவுக்கு அப்போது 20 வயது. லீவு முடிந்து பதினெட்டாம் நாள் அப்பா ரயிலேறிவிட்டார். அப்பாவின் சர்வீஸ் முழுவதிலும் அம்மா அவரோடு சேர்ந்து குடித்தனம் செய்தது பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இரண்டரை வருஷம்தான். அங்கே சிவாஜிநகர் கோயிலில் சேலை கட்டிய மாதாவைப் பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற வருஷமெல்லாம் ஊரில் மாமியார், நாத்தனார், நாங்கள் மூன்று பிள்ளைகள், இரண்டு மா நிலம். இன்லண்ட் லெட்டரின் மேல் "மேற்பார்வை 56 ஏ.பி.ஓ." என்று ராணுவத் தபால் விலாசத்தை எழுதுவார். அந்த விலாசத்தில் ஊர்ப் பெயரே கிடையாது. கடிதம் எங்கே போகிறது என்று சின்ன வயதில் நான் கேட்டபோது, "மாதாவுக்குத் தெரியும்" என்றார்.

வீரமாமுனிவரின் தேம்பாவணியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அம்மா நினைவுதான். 3,615 பாடல்களுக்கும் நாயகன் மாதாவின் கணவர் சூசையப்பர். வளன் என்று அவருக்கு அழகாகப் பெயர் வைத்தார் முனிவர். நள்ளிரவில் வானதூதர் வந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போ என்கிறார். ஏன், எத்தனை நாளைக்கு என்று கேட்க வழியில்லை. மாதா மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். அந்த இடம் வரும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பாவின் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் மேற்கே ஷகர்கட் பக்கம் இருந்தது. 15ஆம் தேதி இரவு பசந்தர் ஆற்றைத் தாண்டிக் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்குகளுக்குப் பாதை திறந்தவர்கள் அவர்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ரேடியோவில் டாக்கா சரணடைந்த செய்தி வந்தது, மறுநாள் மேற்கிலும் சண்டை நின்றது. தெருவே சந்தோஷப்பட்டது. அப்பாவிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு திண்ணையில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தோம். தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். எங்கள் வீட்டு வாசலில் காலை ஊன்றி நின்றார். அம்மா எழுந்திருக்கவில்லை, வைக்கோலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தந்திக்காரர் விலாசத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். சற்று நேரத்தில் அங்கேயிருந்து அழுகை கேட்டது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

அந்த வீட்டு அத்தைக்கு அப்போது 22 வயது. இந்துக் குடும்பம், எங்களுக்கு உறவில்லை. அதன்பின் தஞ்சாவூரில் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தது அம்மாதான். பென்ஷன் பாரங்களை எங்கள் திண்ணையில்தான் நிரப்பினார்கள். அப்பா 2003இல் இறந்தபோது அத்தை வந்து அம்மாவின் பக்கத்திலேயே ஒரு மாதம் படுத்திருந்தார்.

ஒவ்வொரு டிசம்பரும் அம்மா ஏலாக்குறிச்சிக்குத் தனியாகப் போய்வருவார். அப்பா திரும்பி வந்ததற்கு நேர்த்திக்கடன் என்று நினைத்திருந்தோம். ஆறு வருஷத்துக்கு முன்புதான், முழங்கால் முடியாமல் போய், என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கோயில் அலுவலகத்தில், யாருக்காகப் பூசை என்று எழுதிக்கொள்ளுமிடத்தில், ஒரு பெயரைச் சொன்னார். அந்த அத்தையின் வீட்டுக்காரர் பெயர். எழுதிய தம்பி நிமிர்ந்து, "இவர் உங்களுக்கு என்ன உறவும்மா?" என்றார்.

"எங்க வீட்டு வாசல்ல நின்ன தந்தி, தம்பி. அவங்க வீட்டுக்குப் போச்சு."

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். சைக்கிள் நகர்ந்தபோது "தேவனே, உமக்கு நன்றி" என்று சொல்லிவிட்டாராம். வாய்விட்டே சொல்லிவிட்டாராம். அந்த அழுகை கேட்ட பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று புரிந்ததாம். நடுச்சாமப் பூசைக்கு முன்பு பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதிருக்கிறார். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்து, அந்தப் பிள்ளையின் ஆத்துமத்துக்காக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். "மூணு எனக்குப் பத்தலடி" என்றார் அம்மா. மணியார்டரில் மிச்சம் பிடித்து, பிறகு அப்பாவின் பென்ஷனில், அதற்கப்புறம் தன் குடும்பப் பென்ஷனில், ஒரு வருஷம் தவறாமல் அந்தப் பூசை நடந்திருக்கிறது. அத்தையிடம் மட்டும் சொன்னதில்லை.

அம்மா போன ஆவணியில் இறந்தார். 84 வயது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நான் அத்தையிடம் சொல்லிவிட்டேன். சொல்வது சரியா என்று பல ராத்திரி யோசித்த பிறகுதான் சொன்னேன். அத்தை நெடுநேரம் பேசவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். எங்க வாசல்ல நின்னு அது அந்த வீட்டுக்குப் போயிருந்தா, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். முந்தானையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "அக்கா பேரையும் அவர் பேரையும் ஒண்ணா வாசிக்கச் சொல்லு."

அதற்காகத்தான் இந்தப் பயணம். மாதாவின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு முழங்காலில் இருந்தேன். கேட்க எதுவும் தோன்றவில்லை. அம்மாவின் செபமாலையில் 53 மணியும் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. அலுவலகத்தில் மூன்று பெயர்கள் கொடுத்தேன், அப்பாவையும் சேர்த்து. பதினோரு மணிப் பூசையில் சாமியார் வரிசையாக வாசித்தார். அம்மாவின் பெயருக்கு அடுத்தாற்போல் அத்தையின் வீட்டுக்காரர் பெயர் வந்தது.

ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அத்தை கேட்பார்.